காணவில்லை: மண்டை ஓடு ஒன்று

சம்பவம் நடந்த இடம்: காஞ்சிபுரம், மதுக்கடை வாசல். காலம்: ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். காணாமல் போன பொருள்: மண்டை ஓடு ஒன்று, வெள்ளை நிறம், உள்ளே சுட்ட இறைச்சி. புகார்தாரர்: சத்தியசோமன், காபாலிகன், புகார் கொடுக்கும்போது நிதானத்தில் இல்லை. சந்தேகத்துக்குரியவர்கள் இருவர்: ஒரு நாய், அல்லது ஒரு புத்த பிக்கு.

இந்த வழக்கைக் கற்பனையில் ஜோடித்தவர் வேலைவெட்டி இல்லாத புலவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊர்ப் பல்லவ ராஜாவேதான். மகேந்திரவர்மன் என்கிற குணபரன் என்கிற சத்துருமல்லன் என்கிற லளிதாங்குரன் என்கிற பகாப்பிடுகு என்கிற விசித்திரசித்தன் என்கிற மத்தவிலாசன். இத்தனை 'என்கிற' போட்ட பெயரை இன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷன் பதிவேட்டில்தான் பார்க்க முடியும். இவற்றில் நான்கைக் கல்லிலேயே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செங்கல்பட்டில் இறங்கித் திருக்கழுக்குன்றம் சாலையில் வல்லத்துக்குப் போகலாம். அங்கே மலையைக் குடைந்து கோயில் எடுத்த கந்தசேனன் என்ற சிற்றரசன், தன் பெயரைச் சொல்வதற்கு முன் ராஜாவின் பட்டங்களை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறான். மேலிடத்துக்கு வாழ்த்துச் சொல்லாமல் கட்டடம் திறக்கிற வழக்கம் அப்போதும் இல்லை.

உலகத்துத் துப்பறியும் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. ஹென்னிங் மான்கெல் எழுதிய கதைகளில் இன்ஸ்பெக்டர் வாலாண்டர் எந்தத் தெருவில் காரை நிறுத்தினார் என்பது வரை அவர்களுக்குத் தெரியும். தெற்கு ஸ்வீடனில் இஸ்டாட் என்ற அந்தச் சின்னக் கடலோர ஊருக்கு, நடக்காத கொலைகளின் இடங்களைப் பார்க்கவென்றே பயணிகள் போகிறார்கள். ஜப்பானின் கெய்கோ ஹிகாஷினோவையும் விடுவதில்லை. 'மத்தவிலாசம் படித்திருக்கிறீர்களா' என்று கேட்டால் மட்டும், ஏதோ லேகியத்தின் பெயரைக் கேட்டதுபோல் விழிக்கிறார்கள். மத்தவிலாசப் பிரகசனம் என்பது ராஜா எழுதிய அந்த நாடகம். சமஸ்கிருதமும் பிராகிருதமும் கலந்தது. அந்தப் பெயர் அவருடைய பட்டமாகவும் இருந்ததால், நாடகத்துக்குத் தன் பெயரை வைத்தாரா, தனக்கு நாடகத்தின் பெயரை வைத்துக்கொண்டாரா என்று பண்டிதர்கள் மோதிக்கொள்ள இடம் உண்டு.

கதைக்கு வருவோம். சத்தியசோமனும் அவன் துணைவி தேவசோமையும் குடித்துவிட்டு வருகிறார்கள். போதையில் அவளைச் 'சோமதேவை' என்று கூப்பிட்டுத் தொலைக்கிறான். யார் அவள் என்று இவள் பிடித்துக்கொள்கிறாள். இனிமேல் குடியையே விட்டுவிடுகிறேன் என்று அவன் சத்தியம் செய்ய, ஐயையோ விரதத்தைக் கெடுக்காதே என்று அவளே தடுக்கிறாள். இந்த அளவில் குடும்பம் நடக்கிறது. அடுத்த கடையில் கள்ளை வாங்கிக்கொள்ள ஏனத்தை நீட்டலாம் என்று பார்த்தால் கபாலம் இல்லை. மண்டை ஓட்டை ஏந்தித் திரியும் சைவத் துறவியான காபாலிகனுக்கு அது பாத்திரம் மட்டுமில்லை, ஆதார் அட்டை. அது இல்லாவிட்டால் அவன் வெறும் குடிகாரன்.

இப்போது துப்பறிதல் தொடங்குகிறது. கபாலத்தில் சுட்ட இறைச்சி இருந்தது. ஆகவே எடுத்தது நாயாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்த பிக்குவாக இருக்க வேண்டும். தடயம், நோக்கம், சந்தேகப் பட்டியல் எல்லாம் ஒரே வாக்கியத்தில் முடிந்தது. ஷெர்லக் ஹோம்ஸ் இதற்கு ஒரு பைப் புகையிலையாவது எரித்திருப்பார்.

நேரம் பார்த்து நாகசேனன் என்ற பிக்கு வந்து சேர்கிறார். ஒரு வணிகர் வீட்டில் மீனும் இறைச்சியுமாக நல்ல சாப்பாடு. பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு மடத்துக்கு நடக்கிறார். நடக்கும்போது ஓர் ஆராய்ச்சி: இவ்வளவு வசதிகளுக்கு அனுமதி கொடுத்த புத்த பகவான் மதுவுக்கும் மங்கைக்கும் மட்டும் தடை போட்டிருப்பாரா? மாட்டார். பொறாமை பிடித்த கிழட்டுப் பிக்குகள் அந்தப் பக்கங்களைக் கிழித்து மறைத்திருக்க வேண்டும். மூலச் சுவடி எங்கே கிடைக்கும்? இப்படி நினைத்துக்கொண்டு, ஆடைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் எந்த ஏட்டுதான் விடுவார்?

நிறுத்தி விசாரிக்கிறான் சத்தியசோமன். பிக்கு தன் ஓட்டைக் காட்டுகிறார். அது கறுப்பு; காணாமல் போனது வெள்ளை. வழக்கு அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால், 'பார்த்தீர்களா, சாயம் பூசிவிட்டான்!' என்கிறான் புகார்தாரன். திருட்டுக்கலைக்கு நூல் செய்த கரபடர் என்ற ஆசிரியரை வணங்கிவிட்டு, அவரைவிடப் புத்தரே பெரிய கைகாரர், உபநிஷதத்திலும் மகாபாரதத்திலும் சரக்கை எடுத்துத்தானே மதம் கட்டினார் என்று ஒரு போடு போடுகிறான். கைகலப்பு வருகிறது. தேவசோமை பிக்குவின் மயிரைப் பிடித்து இழுக்கப் பாய்கிறாள். மொட்டைத் தலையில் பிடிக்க என்ன இருக்கிறது? கீழே விழுகிறாள். மழிக்கச் சொன்ன புத்தரின் தீர்க்கதரிசனத்தைச் சத்தியசோமனே மெச்சுகிறான். இரக்கப்பட்டுப் பிக்கு அவளைக் கைகொடுத்துத் தூக்க, 'என் பெண்டாட்டி கையைப் பிடிக்கிறான்' என்று அடுத்த குற்றப்பத்திரிகை தயாராகிறது.

சமரசத்துக்கு வருகிறவர் பப்ருகல்பன் என்ற பாசுபதச் சைவத் துறவி. அவருக்குத் தேவசோமை மேல் ஏற்கெனவே ஒரு கண், எனவே நடுநிலை பற்றிக் கேட்க வேண்டாம். கோர்ட்டுக்குப் போவோம் என்கிறார். அங்கேதான் நாடகத்தின் மிகத் துணிச்சலான இடம் வருகிறது. கோர்ட் எதற்கு, இவன் மடத்துப் பணத்தை அள்ளி நீதிமன்றக்காரர்கள் வாயை அடைத்துவிடுவான், நாங்கள் ஏழைகள் எங்கே போவோம் என்கிறாள் தேவசோமை. எழுதியவர் யார் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த நீதிமன்றங்களின் தலைமை நீதிபதி அவரேதான். தன் கோர்ட்டில் காசு செல்லும் என்று தானே வசனம் எழுதி, அதைத் தன் சபையில் நடிக்கவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தும் இருக்கலாம். பக்கத்து இருக்கையில் இருந்த நீதிபதிகள் எந்த அளவுக்குச் சிரித்தார்கள் என்பதற்குக் கல்வெட்டு இல்லை.

கடைசியில் ஒரு பைத்தியக்காரன் மண்டை ஓட்டுடன் வருகிறான். நாயிடமிருந்து பிடுங்கியதாம். ஒருவழியாகப் பேசி வாங்கிவிடுகிறார்கள். பிக்குவும் காபாலிகனும் கட்டித்தழுவிச் சமாதானமாகிறார்கள். நாய் குற்றவாளி. அதற்கு ஒரு வசனமும் கிடையாது, வக்கீலும் கிடையாது.

1929ல் ரோனல்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். முதல் கட்டளை: குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். மகேந்திரன் பாஸ். முதல் சந்தேகத்திலேயே நாயைச் சொல்லிவிட்டு, நாம் பிக்கு பின்னால் ஓடும்படி செய்துவிட்டார். அதைவிட வேடிக்கை, நவீனத் துப்பறியும் கதையின் பிதாமகன் என்று உலகம் கும்பிடும் எட்கர் ஆலன் போ, 1841ல் பாரிஸ் நகரத்து ரூ மார்க் தெருவில் இரண்டு பெண்களைக் கொன்றுவிட்டு யார் குற்றவாளி என்று முடித்தார்? ஓர் உராங்குட்டான். (இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவும், 180 வருஷமாகப் படிக்காதது என் குற்றமில்லை.) விலங்கைக் குற்றவாளியாக்கும் யோசனை காஞ்சிக்கு 1,200 வருஷம் முன்பே வந்தாயிற்று. பாரிஸில் துப்பறிய, துப்பேன் என்ற அறிவாளி வேண்டியிருந்தது. இங்கே பைத்தியக்காரனே போதும். நம் ஊர் நடைமுறைக்கு எது பொருத்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சீனாக்காரர்களைப் பாருங்கள். மகேந்திரன் காலமானதாகச் சொல்லப்படும் 630ல் அங்கே தீ ரென்ஜியே என்று ஒருவர் பிறந்தார். தாங் ஆட்சியில் பெரிய அதிகாரி. பிற்காலத்தில் அவரைத் துப்பறியும் நீதிபதியாக்கிக் கதை கட்டினார்கள். ராபர்ட் வான் குலிக் என்ற டச்சுத் தூதர் அதில் ஒன்றை 1949ல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, பிறகு தானே நாவல் நாவலாக எழுதி, 'நீதிபதி டீ' உலகப் புகழ் பெற்றார். நம்மவரோ கதாபாத்திரமாகக் காத்திருக்காமல் நேரடியாக ஆசிரியரே ஆனார். அதற்கான மரியாதை பூஜ்யம்.

நகைச்சுவைக் குற்றம் எழுதுவதில் இவ்வளவு கெட்டிக்காரர், நிஜக் குற்றத்தில் எப்படி? படு மோசம். சேக்கிழார் பெரியபுராணத்தில் பதிவு செய்திருக்கிறார். சேக்கிழார் ஊர் குன்றத்தூர், பழைய செங்கல்பட்டு ஜில்லா. சமணராக இருந்த பல்லவ ராஜா, சமணம் விட்டுச் சைவத்துக்குத் திரும்பிய அப்பரை ஒழிக்கத் திட்டமிட்டார். முதல் முயற்சி: சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் பூட்டிவைத்தார்கள். திறந்தால் அப்பர் சௌக்கியம். இரண்டாவது: விஷம் கலந்த பால்சோறு. ஜீரணமாகிவிட்டது. மூன்றாவது: மதயானை. அது வலம் வந்து வணங்கிவிட்டு, ஏவினவர்கள் பக்கம் திரும்பியது. நான்காவது: கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறியது. நெருப்பு, விஷம், விலங்கு, நீர் என்று அகதா கிறிஸ்டி ஐம்பது நாவலில் பிரித்துப் பயன்படுத்தக்கூடிய சாதனங்களை ஒரே ஆளிடம் செலவழித்து, நான்கிலும் தோற்று, கடைசியில் கொலையாளியே பலியாளின் பக்தனாகிவிட்டார். இப்படி முடிகிற திரில்லரை எந்தப் பதிப்பாளரும் வாங்க மாட்டார். சேக்கிழாருக்குப் பதிப்பாளர் தேவைப்படவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சேக்கிழார் ராஜாவின் பெயரை எங்கும் நேராகச் சொல்வதில்லை. போகிற போக்கில் ஒரே ஒரு துப்பு விடுகிறார்: மனம் மாறிய ராஜா சமணப் பாழிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் கட்டிய கோயிலின் பெயர் குணபர ஈச்சரம். யார் இந்தக் குணபரன்? எட்டு நூற்றாண்டு கழித்து வரலாற்றாசிரியர்கள் பூதக்கண்ணாடியுடன் கிளம்பினார்கள். திருச்சி மலைக்கோட்டையில் ஒரு குணபரன் அகப்பட்டான். நம் வல்லத்திலும் அதே குணபரன். நாடகம் எழுதிய மத்தவிலாசனும், மலையைக் குடைந்த விசித்திரசித்தனும், அப்பரைக் காளவாயில் போட்டவனும் ஒரே ஆள் என்று கைரேகை பொருந்திவிட்டது. பட்டப்பெயர் மோகம் எத்தனை பேரை மாட்டிவிட்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நாடகச் சுவடி என்னவாயிற்று என்றால், காஞ்சியில் மறந்தே போனார்கள். மலையாளத்துச் சாக்கியார்கள்தான் அதைக் கோயில்களில் ஆடி உயிரோடு வைத்திருந்தார்கள். 1917ல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் அச்சேற்றினார். அந்த வருஷம் தமிழ் வாசகன் என்ன படித்துக்கொண்டிருந்தான்? ரெனால்ட்ஸ். லண்டன் மர்மங்களைக் காலணாப் பத்திரிகையில் எழுதித் தள்ளிய ஜி. டபிள்யூ. எம். ரெனால்ட்ஸை அவருடைய சொந்த ஊரில் மறந்துவிட்டார்கள், இங்கே வழிபட்டார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் மேல்நாட்டுக் கதைகளுக்கு வேட்டி கட்டி, பொட்டு வைத்து, தமிழ்ப் பெயர் சூட்டி இறக்கினார். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' துப்பறியும் கோவிந்தனோடு வீடு வீடாக நுழைந்தாள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரைப் பெரியவர்கள் திட்டிக்கொண்டே ஒளித்துவைத்துப் படித்தார்கள்.

சரி, இவர்கள் ஜனரஞ்சகம் என்று தள்ளுகிறவர்களுக்கு ஒரு செய்தி. செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் போகும்போது கூடுவாஞ்சேரிக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் இடையில் மறைமலை நகர் வரும். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை மறைமலை அடிகள் பெயரில் அமைந்த நகரம். அடிகள் 1911ல் வெளியிட்ட 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்ற நாவல் எதன் தழுவல் தெரியுமா? அதே ரெனால்ட்ஸ் எழுதிய 'லைலா'. மிங்கிரேலியா நாட்டு நட்சத்திரமான அந்த லைலா இங்கே வந்து குமுதவல்லியானாள். வடசொல் ஒன்று உள்ளே வந்தால் வாசலிலேயே தடுத்து நிறுத்திய அடிகள், லண்டன் கதையை உள்ளே விட்டு உட்காரவைத்துத் தமிழ் உடையும் கொடுத்திருக்கிறார். எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லுக்குத்தான் காவல், விறுவிறுப்புக்கு எல்லை கிடையாது. அடிகளும் நம்மைப் போல ராத்திரி விளக்கை அணைக்காமல் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவியவர்தான் என்பது எவ்வளவு ஆறுதல்!

பிறகு கல்கி வந்தார். மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி. கே. சி.யோடு உட்கார்ந்திருந்தபோது மனத்தில் தோன்றிய கதை என்று அவரே எழுதியிருக்கிறார். 1944 முதல் 1946 வரை 'கல்கி'யில் வந்த 'சிவகாமியின் சபதம்' வரலாற்று நாவல் என்ற அலமாரியில் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதை ஒற்றர் கதைகள் வரிசைக்கு மாற்றிவைப்பேன். நம் பழைய ஆசிரியர் மகேந்திரவர்மன் இதில் கதாபாத்திரமாகப் பதவி இறங்கி வருகிறார். வஜ்ரபாஹு என்று மாறுவேடம் போட்டு, ஓலை கொண்டுபோகிற இளைஞன் பரஞ்சோதி தூங்கும்போது அதை எடுத்து வேறு ஓலை வைக்கிறார். ஒரு சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி சத்திரத்தில் படுத்து ஓலை திருடுகிறார் என்றால் ஒற்றர் துறைக்குப் பட்ஜெட் இல்லை என்று அர்த்தம்.

நாக்ஸ் பாதிரியாரின் கட்டளைகளைக் கல்கியிடம் கொண்டுபோனால் பாதிரியார் மயங்கி விழுவார். இரட்டைப் பிறவிகளைக் கண்டபடி கொண்டுவராதே என்பது ஒரு விதி. வாதாபிச் சக்கரவர்த்தி புலிகேசியும் பிக்கு நாகநந்தியும் அச்சாக ஒரே முகம். அறியாத விஷம் கூடாது என்பது இன்னொன்று. நாகநந்தி சம்பந்தப்பட்ட இடத்திலெல்லாம் பாம்பு விஷ வாடை அடிக்கிறது. ரகசிய வழி ஒன்றுக்கு மேல் ஆகாது என்றும் ஒரு விதி. 'பொன்னியின் செல்வ'னைக் காட்டினால் பாதிரியார் சபையை விட்டே விலகியிருப்பார். ஆனாலும் கவனியுங்கள்: ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரன் எழுதிய கதையிலும் சந்தேகம் புத்த பிக்கு மேல், இருபதாம் நூற்றாண்டில் கல்கி எழுதியதிலும் பிக்கு மேல். வித்தியாசம், மகேந்திரன் கடைசியில் பிக்குவை விடுதலை செய்துவிட்டார். கல்கி செய்யவில்லை. இரண்டில் ராஜாவின் கதையே நாகரிகமானது என்பது என் கட்சி.

மாமல்லபுரத்துக்குக் கதையே தேவையில்லை. நிஜமாகவே துப்புத் துலங்காத கேஸ்கள் குவிந்து கிடக்கின்றன. ராமானுஜ மண்டபத்துக்குள் நுழைந்தால் மூன்று கருவறைகளின் சுவரிலும் இருந்த புடைப்புச் சிற்பங்களை யாரோ உளியால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். வெளிக்கோடு மட்டும் மிச்சம். சிவன் கோயில் என்பது தெரிகிறது. சுரண்டியது யார் என்பதற்கு மண்டபத்தின் இப்போதைய பெயரே கொஞ்சம் சந்தேகத்தைக் கிளப்புகிறது. கைது கிடையாது. முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்: நெஞ்சில் ருத்திரன் இல்லாதவர்கள் நாசமாகப் போகட்டும் என்று ஆறு முறை அடுக்கிச் சாபம் விட்ட கல்வெட்டு கணேச ரதத்தில் இருக்கிறது. 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்கள்' பலகைகளின் மூத்த அண்ணன் அதுதான். பலனும் அதே அளவு.

இன்னொரு கேஸ், இத்தனையும் செதுக்கியது யார்? மகேந்திரன் மகன் மாமல்லன் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது, 1962ல் தொல்லியலாளர் இரா. நாகசாமி எல்லாமே பின்னால் வந்த ராஜசிம்மன் வேலை என்று குண்டைப் போட்டார். வரலாற்றாசிரியர்கள் இன்னும் முழுதாக எழுந்து உட்காரவில்லை. வழிகாட்டிகளுக்கு அந்தத் தபால் வந்தே சேரவில்லை, மாமல்லனே தொடர்கிறான். ஏழு கோயிலில் ஆறு கடலுக்குள் முழுகிக் கிடக்கிறது என்ற வதந்தியை வெள்ளைக்காரர்கள் அப்படியே விழுங்கினார்கள். 1810ல் ராபர்ட் சதே என்ற ஆங்கிலக் கவிஞர் அதை வைத்து ஒரு காவியமே கட்டினார். இந்தப் பக்கம் கால் வைக்காமலேயே. பிறகு 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்து மணலை அரித்தது. பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையில் கல்வெட்டு தலைகாட்ட, 2005ல் தொல்லியல் துறை தோண்டியது. பழைய முருகன் கோயில் ஒன்று வெளியே வந்தது. ஆறு எங்கே, ஒன்று எங்கே என்று கேட்காதீர்கள். சாட்சிகள் கடலுக்கு அடியில்.

பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்ற வழக்கு இருக்கட்டும். கீழே யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை நிற்கிறது. பின்னங்காலில் எழும்பி, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் கடுந்தவம். அதைச் சுற்றி எலிகள் நம்பிக்கையோடு கூடியிருக்கின்றன. வேஷதாரித் துறவிகளைக் கிண்டல் செய்த ராஜாவின் வம்சத்தில்தான் இதையும் செதுக்கியிருக்கிறார்கள், கிண்டல் பரம்பரையாக வந்திருக்கும்போல. இந்தக் கடற்கரையின் அத்தனை கேஸிலும் கையும் களவுமாக அகப்பட்டு, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரே ஆசாமி அந்தப் பூனைதான். 1,300 வருஷமாக நிற்கிறது. எலிகள் இன்னும் புகார் கொடுக்கவில்லை.